பிஸ்கட்டா, ரஸ்க்கா? ஹாலுக்கு இரண்டு பீஜ்

3 நவம்பர் 2024

கேள்வியை முதலில் போட்டுவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா இருக்கும் வீடு. ஹால் 12க்கு 16 அடி, உயரம் 10. ரெட் ஆக்சைடு தரை. மேற்கே ஒரு பெரிய ஜன்னல், வடக்கே கம்பி போட்ட திண்ணை. சுவரில் இப்போது இருப்பது பதினைந்து வருஷத்துப் பிஸ்தா பச்சை. வைகுண்ட ஏகாதசிக்குச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். அதற்குள் பெயிண்ட் வேலை முடிந்தாக வேண்டும்.

பெயிண்ட் கடைக் கலர் அட்டையைப் புரட்டிப் புரட்டி இரண்டு கலரில் வந்து நிற்கிறோம். இரண்டும் பீஜ், அதாவது ஒரு மாதிரி வெளிர் பழுப்பு. கம்பெனி வைத்த பெயர் பாலைவனம், அந்திவெயில் என்று போகிறது, வாயில் நிற்கவில்லை. அம்மா பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர்: ஒன்று பிஸ்கட், இன்னொன்று ரஸ்க். பிஸ்கட் கொஞ்சம் வெளிர், மஞ்சள் பக்கம் சாயும். ரஸ்க் ஒரு சுற்று அடர்த்தி, உள்ளே சிவப்பு ஓடுகிறது. அட்டையில் அடுத்தடுத்த கட்டம்.

எதை அடிக்கலாம்? என் ஓட்டு ரஸ்க்.

3 நவம்பர், இரவு

“ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது அடி” என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். நானும் கடையில் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரமாக அட்டையைப் பிடித்துப் பார்த்ததும் நினைப்பு மாறிவிட்டது.

“வெள்ளை அடிச்சிடுங்க” என்றவருக்கு: ஏகாதசிக்கு வரப்போகிற குழந்தைகள் மொத்தம் ஏழு.

5 நவம்பர்

எல்.ஆர்.வி. என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தேன். பிஸ்கட் 68, ரஸ்க் 63. தெரியாதவர்களுக்கு: சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்கிற கணக்கு அது. முழுக் கறுப்பு 0, முழு வெளுப்பு 100. ஐந்து புள்ளி வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அந்த எண் வெளிச்சத்தை மட்டும்தான் சொல்லும். உள்ளே ஓடுவது மஞ்சளா சிவப்பா பச்சையா என்பதைச் சொல்லாது. எங்கள் வீட்டுச் சண்டையே அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

9 நவம்பர்

இரண்டிலும் 200 மில்லி டப்பா வாங்கி வந்து, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடியாக நானே அடித்தேன். முதலில் வயிறு கலங்கியது, இரண்டுமே கிட்டத்தட்ட வெள்ளை. கடைப் பையனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். “ஈரத்துல வெளுப்பாத்தாங்க்கா தெரியும். காய்ஞ்சாதான் ஏறும்.” சரியாகத்தான் சொன்னான், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது. எமல்ஷன் பெயிண்டில் இருக்கிற பால் மாதிரிப் பசை காயக் காயத் தெளியும், அதனால் நிறம் அடர்ந்துவிடும்.

சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அடித்தவுடன் பழைய அழுக்கெல்லாம் பல்லிளித்துக்கொண்டு தெரியும், “என்னடா அடிச்சே” என்று தாத்தா கத்துவார், காய்ந்ததும் சுவர் பளீரென்று வெளுத்து நிற்கும். அதில் ஒரு துளி நீலம் போடுவதுகூட மஞ்சள் பூத்த வெளுப்பை அமுக்கத்தான்.

எங்கேயோ போய்விட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் இரண்டுமே ரோஸ். பிஸ்கட் லேசான ரோஸ், ரஸ்க் நல்ல ரோஸ், குழந்தைக்குப் பூசும் பவுடர் டப்பா மாதிரி. அம்மா, “இது பிரசவ ஆஸ்பத்திரி கலர்டீ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

10 நவம்பர்

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். பெயிண்டில் தப்பில்லை, சுவரில்தான் தப்பு. பிஸ்தா பச்சைக்கு நடுவில் எந்த பீஜை அடித்தாலும் ரோஸாகத்தான் தெரியும். பச்சையையே பார்த்துக்கொண்டிருக்கிற கண், பக்கத்தில் இருப்பதை அதன் எதிர்ப்பக்கமான சிவப்பு நோக்கித் தள்ளிவிடும்.

இது இருநூறு வருஷத்துப் பழைய பஞ்சாயத்து. பாரிஸில் கோப்ளான் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரோல் என்கிற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்துப் பார்த்தால் கறுப்பு கறுப்பாகத்தான் இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தபோதுதான் சோர்ந்து தெரிந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போய் 1839இல் நிறங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே போட்டுவிட்டார். நானோ கடைப் பையனைத் திட்டினதோடு சரி. (மன்னிப்புக் கேட்டாயிற்று.)

ஆகவே சுவரில் நேரடியாக அடித்துப் பார்க்காதீர்கள். பெயிண்டர் அண்ணன் பிளைவுட் துண்டு இரண்டு கொடுத்தார். வெள்ளைப் பிரைமர் ஒரு கோட்டு, மேலே கலர் இரண்டு கோட்டு, சுற்றி இரண்டு அங்குலம் பிரைமர் வெள்ளையாகவே விட்டாயிற்று. இப்போது பலகையைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்க நடக்கலாம். முதலில் சார்ட் பேப்பரில் அடித்தேன், அது அப்பளம் மாதிரிச் சுருண்டுவிட்டது.

16 நவம்பர்

பலகையோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தியதில் தெரிந்தது.

காலை ஏழு மணி, வடக்குத் திண்ணை வெளிச்சம்: பிஸ்கட் கொஞ்சம் செத்த மாதிரி, ரஸ்க் அழகு. மத்தியானம் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணி சமாச்சாரம் தனி, அதை அப்புறம் எழுதுகிறேன். ராத்திரி டியூப் லைட் போட்டால் பிஸ்கட் பச்சையாகிறது. பச்சை என்றால் கிளிப்பச்சை இல்லை, கறிவேப்பிலை மிதந்த நீர்மோர் மாதிரி.

ஏன் என்று கடைப் பையனிடம் கேட்டேன். இந்த முறை மரியாதையாக. டப்பா மூடியில் ஒட்டுகிற சீட்டைக் காட்டினான். வெள்ளை பேஸில் எந்த நிறச் சாந்து எத்தனை அளவு விழுந்தது என்பது அதில் இருக்கிறது. ரஸ்க்கில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு மூன்றும். பிஸ்கட்டில் மஞ்சளும் கறுப்பும்தான், சிவப்பு பெயருக்கு ஒரு துளி. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் என்ன வரும்? ஸ்கூல் டிராயிங் வகுப்பில் எல்லோரும் பார்த்ததுதான், ஒரு மாதிரியான பாசிப்பச்சை. அந்தப் பச்சையை அடக்கத்தான் சிவப்பு போடுவது. பிஸ்கட்டில் அடக்குவதற்கு ஆளில்லை.

ஆக ரஸ்க் ஜெயித்தது. நான் முதலிலேயே சொன்னேன்.

16 நவம்பர், இரவு

பெங்களூர் அக்காவுக்கு வீடியோ காலில் இரண்டு பலகையையும் காட்டினேன். “லெஃப்ட்ல இருக்கறது சூப்பர்” என்றாள். இடம் மாற்றிக் காட்டினேன். மறுபடியும் “லெஃப்ட்.” போன் கேமரா தானாகவே வெளுப்பைச் சரிசெய்துகொள்கிறது. பீஜைக் காட்டினால் அதைப் பாதி வெள்ளையாக்கித்தான் அனுப்பும். இங்கே படம் போடச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் அதே பதில்: போட்டுப் பிரயோஜனமில்லை.

17 நவம்பர்

“லைட்டை மாத்துங்க, பெயிண்டை இல்ல” என்று எலெக்ட்ரிகல் வேலை பார்ப்பவர் எழுதியிருந்தார். வெளிச்சம் என்ன பெரிய விஷயம் என்று அவரிடம் நான்தான் மல்லுக்கு நின்றேன். வாபஸ்.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். எங்கள் ஹாலில் இருப்பது 6500 கெல்வின், கூல் டேலைட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எல்.இ.டி. டியூப். நம் ஊரில் பாதி வீடு இதில்தான் ஓடுகிறது. வெளிச்சம் நீலம் கலந்தது. 3000 கெல்வின் வார்ம் ஒயிட் போட்டால் கல்யாண மண்டப வரவேற்பு மாதிரி மஞ்சள் தட்டும், அம்மா அதில் அரிசி பொறுக்க முடியாது என்கிறாள். நடுவில் 4000 ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பல்ப் மட்டும் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பிஸ்கட்டில் பச்சை போய்விட்டது. போயே விட்டது.

பெயிண்டுக்கு முன்னால் முந்நூறு ரூபாய்க்குள் ஒரு பல்ப் வாங்கிப் பார்த்திருந்தால் இந்த இழையில் பாதி இருந்திருக்காது.

புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுத்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த கதை. திருச்சி சின்னக்கடை வீதியில் கடைக்குள் டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்தும். வெளியே வெயிலில் வந்தால் புடவை மாம்பழம், பிளவுஸ் எலுமிச்சை. இரண்டு சாயமும் வேறு, ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒன்றாக நடிக்கும். அம்மா எப்போதும் துணியோடு கடை வாசலுக்கு வந்துவிடுவாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார், எங்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று. முப்பது வருஷமாக வாசலில் நின்றுகொண்டு அவளுக்காகக் காத்திருந்தவள் நான். பெயிண்ட் அட்டையை மட்டும் கடைக்குள்ளேயே பார்த்து முடிவு செய்திருக்கிறேன்.

24 நவம்பர்

நாலு மணி சமாச்சாரம். எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தரையில் விழும். ரெட் ஆக்சைடு தரை, அம்மா இன்றைக்கும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிற தரை, முகம் தெரியும். வெயில் அதில் பட்டு எதிர்ச் சுவரில் ஏறும்போது வெளிச்சமே குங்குமம் கரைத்த மாதிரி வருகிறது. முழங்கால் உயரத்தில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பலகையைத் தரையில் சாய்த்து வைத்தால் ரஸ்க் பழைய பிரசவ ஆஸ்பத்திரிதான். அதே இடத்தில் பிஸ்கட், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நான் அட்டையில் பார்த்து ஆசைப்பட்ட ரஸ்க் ஆகிவிட்டது.

உட்கார்ந்து யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. பிஸ்கட்டில் குறைகிற சிவப்பை எங்கள் வீட்டுத் தரை போட்டுக் கொடுத்துவிடுகிறது. அந்தத் தரையும் சிவப்பு ஆக்சைடு, டப்பாவில் விழுவதும் சிவப்பு ஆக்சைடு. ரஸ்க் அடித்தால் ஒரே சாமானை இரண்டு தடவை போட்டதாக ஆகும், சாம்பாரில் நானும் உப்பு போட்டு அம்மாவும் உப்பு போட்ட மாதிரி.

வெள்ளை டைல்ஸ் வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு பிஸ்கட்டுக்கு ஓட வேண்டாம். உங்கள் தரை எதையும் சேர்க்காது. உங்களுக்கு ரஸ்க்கே சரியாக இருக்கலாம்.

ஆக பிஸ்கட். 16ஆம் தேதி “நான் முதலிலேயே சொன்னேன்” என்று எழுதியதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

24 நவம்பர், இரவு

காட்டிவிட்டீர்கள். நன்றி.

1 டிசம்பர்

அம்மாவிடம் கடைசி ஒப்புதல் வாங்கப் போனேன். இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு.

“இந்தக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. அந்தக் கண்ணுக்கு ரெண்டும் வேற.”

போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தது. இடதில் இன்னும் எடுக்கவில்லை. புரை முற்றுகிற கண் வழியாக எல்லாமே பழுப்புக் கண்ணாடி போட்ட மாதிரித் தெரியும், ஆனால் மெதுவாக வருவதால் ஆளுக்குத் தெரியாது. எடுத்த பிறகுதான் வெள்ளை வேட்டி நீலம் போட்ட மாதிரி இருக்கிறதே என்று திகைப்பார்கள். அம்மாவும் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, “இந்தச் சுவர் இவ்வளவு பச்சையாவா இருந்துது?” என்றுதான் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் இந்தப் பெயிண்ட் வேலையே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

எந்தக் கண் சொன்னபடி அடிப்பது என்று கேட்டேன். “ரெண்டு கண்ணாலயும்தான் நான் பார்க்கறேன்” என்றாள். ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

புதுச்சேரிப் பக்கம் நேற்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. இங்கே வானம் மூடிக் கிடக்கிறது. மூடிய வானத்தில் இரண்டு பலகையும் சிமெண்ட். இன்றைக்கு முடிவு செய்திருந்தால் இரண்டையும் வேண்டாம் என்றிருப்பேன்.

8 டிசம்பர்

மழையில் பெயிண்ட் அடிக்கலாமா என்று ஒருவர். மழை விட்ட இடைவெளியில் அடிக்கலாம், சுவர் காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வடக்குச் சுவரில் அடியில் ஓதம் இருக்கிறது. பெயிண்டர் அண்ணன் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இதுமேல பட்டி வச்சா மாசி மாசம் பொரிஞ்சு கையில வரும்” என்றார். அந்த மூலையை மட்டும் கடைசிக்குத் தள்ளியாயிற்று. மற்ற இடத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் வரை வந்தாயிற்று. வீடு முழுக்க மாவு மில் மாதிரி. டிபன் மூன்று நாளாக வெளியிலிருந்து.

14 டிசம்பர்

ஒரு முட்டாள்தனம் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஜன்னல் கதவு கழித்து 460 சதுர அடி வரும், இரண்டு கோட்டுக்கு ஏழு லிட்டர் சொச்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு, 4 லிட்டர் வாளி ஒன்று முதலில் வாங்கினேன். போதாமல் நான்கு நாள் கழித்து இன்னொன்று. கலர் எண் ஒன்றேதான். தெற்குச் சுவரில் பாதி பழைய வாளி, பாதி புது வாளி. காய்ந்ததும் நடுவில் ஒரு கோடு. புது வாளி கொஞ்சம் ரஸ்க் பக்கம்!

பெயிண்டர் அண்ணன் திட்டவில்லை. கலர் கலக்குகிற மெஷின்ல ஒரு சொட்டு முன்னே பின்னே விழும், அதனால் இரண்டு வாளியும் ஒரே நாளில் வாங்கி, பெரிய டிரம்மில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி எடுப்பதுதான் வழக்கம் என்றார். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கதான் எல்லாம் இன்டர்நெட்ல பார்த்துட்டேன்னீங்களேம்மா.”

மிச்சம் இருந்த பழையதையும் புதியதையும் கலந்து, மூலையிலிருந்து மூலை வரை தெற்குச் சுவர் முழுவதும் மறுபடி ஒரு கோட்டு. ஒரு சுவர் முடிகிற மூலையில் நிறம் கொஞ்சம் மாறினால் கண் கண்டுகொள்ளாது. நடுச் சுவரில் மாறினால் விடாது.

22 டிசம்பர்

முடிந்தது, ஓத மூலை தவிர. 4000 கெல்வினில் இரண்டு டியூப். சாயங்காலம் நாலு மணிக்கு ஹாலில் போய் நின்றேன். கீழே ரஸ்க், மேலே பிஸ்கட், நடுவில் எங்கே மாறுகிறது என்று காட்ட முடியாது.

மேட்டா (பளபளக்காதது) ஷீனா (லேசாகப் பளபளப்பது) என்று கேட்டவர்களுக்கு: மேட். பட்டியில் மேடு பள்ளம் இருந்தால் ஷீன் காட்டிக் கொடுத்துவிடும் என்று பெயிண்டர் அண்ணன் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். அம்மா மட்டும் “துடைக்க முடியுமோ?” என்றாள். முடியும் என்று டப்பாவில் போட்டிருப்பதாகச் சொன்னேன்.

12 ஜனவரி 2025

ஏகாதசிக் கூட்டம் கிளம்பிப் போயிற்று. சொர்க்கவாசலுக்கு விடியற்காலம் வரிசையில் நின்றதைப் பற்றி ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். சுவரைப் பற்றி மொத்தம் மூன்று கருத்து. சித்தப்பா: “பெயிண்ட் அடிக்கப் போறேன்னு சொன்னியே, எப்போ?” பெங்களூர் அக்கா: “நான் சொன்ன லெஃப்ட்தானே?” அத்தை பெண்: “சந்தனக் கலர் நன்னா இருக்கு.”

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. இரண்டு மாதமாக பீஜ் பீஜ் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயம் ஏற்றாத கம்பளிக்கு பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர் அது. ஸ்ரீரங்கத்தில் கம்பளி யார் பார்த்தது? சந்தனம் என்று ஒரு வார்த்தை கையிலேயே இருந்திருக்கிறது.

ஏழு குழந்தைகளில் ஒன்று ஸ்கெட்ச் பேனாவால் தேர் வரைந்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்தேன். தேர் போயிற்று, அந்த இடம் மட்டும் இப்போது ஷீன்.

20 ஏப்ரல் 2025

மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு.

நன்றாக இருக்கிறது. ஓத மூலையும் மாசியில் முடித்தாயிற்று, பொரியவில்லை. மிச்சப் பெயிண்ட் அரை லிட்டர், மூடியில் தேதியும் “ஹால்” என்றும் எழுதி பரணில் இருக்கிறது.

அம்மா மத்தியானம் தெற்குச் சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் வெண்டைக்காய் நறுக்குவாள். நாற்பது வருஷமாக அதே இடம். தலை நிறையத் தேங்காயெண்ணெய். போன வாரம் அவள் எழுந்து போன பிறகு பார்த்தேன். தலை படுகிற உயரத்தில் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், சுவரைவிட ஒரு சுற்று அடர்த்தியாக, லேசாகச் சிவந்து.

பரணிலிருந்து ரஸ்க் பலகையை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தேன். அச்சு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள், மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். “உனக்கு அதுதானே முதல்ல பிடிச்சுது?” என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.